லின்: ஏரிக்குள் நீண்டு கிடக்கும் ஓர் அல்பேனிய ஊர்

ஒரு நண்பர் கேட்டிருந்தார்: "அல்பேனியாவில் ஓஹ்ரிட் ஏரிக்கரையில் லின் என்று ஒரு சின்ன கிராமம் இருக்கிறதாம். எட்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே மக்கள் ஊர் அமைத்து வாழ்ந்தார்கள் என்று செய்தியில் படித்தேன். அந்த ஊரின் நில அமைப்பு எப்படி? அங்கே பழமை என்று என்னென்ன இருக்கிறது? போய்ப் பார்க்கலாமா?"

முதல் இரண்டு கேள்விகளையும் தனித்தனியாக எடுத்துப் பதில் சொல்ல முடியாது. லின்னில் மனிதர்கள் கட்டிய எதுவானாலும், அந்த ஏரியும் மலையும் இடம் கொடுத்ததால்தான் அங்கே கட்டினார்கள். மிகப் பழையவை இன்றைக்கும் மக்காமல் கிடைப்பதற்கும் ஏரியின் சேறுதான் காரணம். எனவே நிலத்திலிருந்தே தொடங்குகிறேன்.

ஓஹ்ரிட் ஏரி இரண்டு நாடுகளுக்குச் சொந்தம். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வடக்கு மாசிடோனியாவிடம், மீதி அல்பேனியாவிடம். அல்பேனியப் பகுதியின் பெரிய ஊர், ஏரியின் தென்முனையில் உள்ள பொகிராதெட்ஸ். அங்கிருந்து மேற்குக் கரையோரமாக வடக்கே இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகப் போனால் லின் வரும். அதைத் தாண்டினால் நாட்டின் எல்லை கூப்பிடு தூரம்தான்.

இந்த மேற்குக் கரையை நிலப்படத்தில் பார்த்தாலே லின்னின் அருமை விளங்கும். மோக்ரா மலைகள் கரையை நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. பல இடங்களில் மலைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாலை போட மட்டுமே இடம் உண்டு. வீடு கட்டவும் பயிர் வைக்கவும் சமதரை கிடைப்பது கடினம். லின்னில் மட்டும் ஒரு சுண்ணாம்புப் பாறைக் குன்று கரையை விட்டு விலகி ஏரிக்குள் நீண்டு கிடக்கிறது. குன்றுக்கும் மலைக்கும் நடுவே சிறிய வயல்வெளி ஒன்று. குன்றின் அடிவாரத்தில், தண்ணீரை ஒட்டி, ஒன்றையொன்று நெருக்கிய வீடுகள். ஊருக்குள் இருப்பவை சந்துகள்தாம். சிலவற்றில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கும். வயலுக்கான மண்ணை வீடு தின்றுவிடக் கூடாது என்பதால் வீடுகள் பாறையோடு ஒண்டிக்கொண்டிருக்கின்றன. வயலில் காய்கறி, வீட்டு முற்றத்தில் திராட்சைப் பந்தல், வாசலுக்கு எதிரே படகு. ஒரு குடும்பத்துக்குத் தேவையான மூன்றும் நடந்து போகும் தூரத்தில் கிடைக்கின்றன. இந்தக் கரையில் இப்படி வாய்த்த இடங்கள் மிகக் குறைவு. மனிதர்கள் இங்கே மறுபடி மறுபடி வந்து குடியேறியதற்கு இதைவிடப் பெரிய காரணத்தைத் தேட வேண்டியதில்லை.

அடுத்தது ஏரி. இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது சாதாரண ஏரி அல்ல. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 693 மீட்டர் உயரத்தில், 358 சதுர கிலோமீட்டர் பரப்பில், அதிகபட்சம் 288 மீட்டர் ஆழத்தோடு இருக்கிறது. உலகின் பெரும்பாலான ஏரிகள் கடைசிப் பனியுகத்துக்குப் பிறகு தோன்றியவை. வண்டல் நிறைந்து சில பத்தாயிரம் ஆண்டுகளில் தூர்ந்துபோகும். ஓஹ்ரிட் அப்படித் தூரவில்லை. 2013-இல் பன்னாட்டு ஆய்வுக் குழு ஒன்று ஏரியின் நடுவே துளையிட்டு, அடிப்படிவை நூற்றுக்கணக்கான மீட்டர் நீளத்துக்கு உருவி எடுத்தது. அதிலிருந்து ஏரியின் வயது சுமார் 13.6 லட்சம் ஆண்டுகள் என்று கணித்தார்கள். ஐரோப்பாவில் இதைவிடப் பழைய ஏரி இல்லை என்பது இன்றைய முடிவு.

தூராமல் இருப்பதற்குக் காரணம் பூமியின் அசைவு. இரண்டு பக்கமும் பிளவுகள் இருக்க, நடுவிலுள்ள நிலம் மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. மேலே வண்டல் சேரச் சேர அடித்தளமும் தாழ்வதால் ஆழம் குறையவில்லை. அந்தப் பிளவுகளில் முக்கியமான ஒன்றுக்கு நிலவியலாளர்கள் லின்னின் பெயரையே வைத்திருக்கிறார்கள். இந்த ஊர் நிலநடுக்கப் பகுதியில் இருக்கிறது என்பதை மனத்தில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

தண்ணீர் வரும் வழி இன்னும் வியப்பானது. பெரிய ஆறு எதுவும் இயற்கையாக இந்த ஏரியில் வந்து கலக்கவில்லை. கிழக்கே கலிசிட்சா, மாலி இ தாத் என்ற சுண்ணாம்பு மலைகள். அவற்றுக்கு அப்பால் ஓஹ்ரிட்டைவிட ஏறக்குறைய 150 மீட்டர் மேலே பிரெஸ்பா ஏரி. பிரெஸ்பாவின் தண்ணீர் மலைக்குள் அரித்து உண்டான குகைவழிகளில் இறங்கி, இந்தப் பக்கம் ஊற்றுகளாகப் பொங்குகிறது. ஓஹ்ரிட்டுக்கு வரும் நீரில் ஏறக்குறையப் பாதி இப்படி ஊற்றுகளின் வழியே வருவதுதான். பிரெஸ்பா நீரும் மலைமீது பெய்த மழையும் பனியும் அதில் கலந்திருக்கும். மலை வடிகட்டித் தரும் தண்ணீர் என்பதால் தெளிவு அதிகம். வெள்ளை வட்டத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கித் தெளிவை அளப்பார்கள் அல்லவா, இங்கே இருபது மீட்டருக்குக் கீழேயும் அந்தத் தட்டு கண்ணுக்குத் தெரிந்த நாள்கள் உண்டு. வெளியேறும் வழி வடகரையில் ஸ்ட்ரூகா நகரத்தில். அங்கே கருப்பு டிரின் ஆறு புறப்பட்டு, சுற்றி வளைத்து அல்பேனியாவுக்குள் நுழைந்து ஏட்ரியாட்டிக் கடலுக்குப் போகிறது. உள்ளே வந்த தண்ணீர் முழுவதும் மாறச் சராசரியாக எழுபது ஆண்டுகள் ஆகும். இன்று இதில் கலக்கும் அழுக்கு நம் ஆயுள்காலத்தில் வெளியேறாது என்று அர்த்தம்.

இவ்வளவு காலம் வற்றாமல், தூராமல், தனித்து இருந்ததால் உயிரினங்கள் இங்கேயே பிரிந்து வளர்ந்திருக்கின்றன. உலகில் வேறெங்கும் இல்லாத இருநூறுக்கும் மேற்பட்ட உயிரினங்கள் இந்த ஒரே ஏரியில் உண்டு. நத்தைகள், புழுக்கள், நன்னீர்ப் பஞ்சுயிரிகள், மீன்கள் என்று அந்தப் பட்டியல் நீளம். லின் மக்களுக்கு அவற்றில் முக்கியமானது கோரான் என்ற மீன். அந்த மீனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இப்போது நீங்கள் படித்த செய்திக்கு வருவோம். 2023-இல் உலகப் பத்திரிகைகளில் வந்தது அது. சுவிட்சர்லாந்தின் பேர்ன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஆல்பர்ட் ஹாஃப்னர் தலைமையிலான குழுவும், ஏட்ரியன் அனஸ்தாசி தலைமையில் அல்பேனியத் தொல்லியலாளர்களும் லின் கரையில் நீருக்கடியில் தோண்டினார்கள். சேற்றில் ஆயிரக்கணக்கான மரத்தூண்களின் அடிப்பகுதிகள் நட்டபடியே நிற்கின்றன. கார்பன் காலக்கணிப்பின்படி மிகப் பழையவை கி.மு. 6000-க்கும் 5800-க்கும் இடைப்பட்டவை. ஆல்ப்ஸ் மலைப்பகுதி ஏரிகளில் கண்டெடுத்த தூண்வீடுகளைவிட இது மிகப் பழையது. ஐரோப்பாவில் இதுவரை அறியப்பட்ட ஏரிக் குடியிருப்புகளில் இதுவே மூத்தது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 200 முதல் 500 பேர் வரை வாழ்ந்திருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. வீடுகள் தண்ணீருக்கு மேலேயோ, அடிக்கடி வெள்ளம் ஏறும் கரையிலோ தூண்கள்மேல் நின்றன. ஊரைச் சுற்றிக் கூரான மரங்களால் ஆன அரணும் இருந்திருக்கிறது. அதற்காக அடித்த முளைகள் மட்டும் ஒரு லட்சம் இருக்கலாம் என்பது ஹாஃப்னரின் மதிப்பீடு.

ஒரு லட்சம் என்ற எண்ணைப் படித்துவிட்டுக் கடந்துபோக வேண்டாம். இரும்பு இல்லை, செம்பும் இல்லை. கல்லைத் தீட்டிச் செய்த கோடரியால் ஒரு மரத்தை வெட்டிச் சாய்க்க வேண்டும். கிளை கழித்து, அடியைக் கூராகச் செதுக்கி, கரைவரை இழுத்து வந்து, சேற்றில் ஆட்டி ஆட்டி இறக்க வேண்டும். அப்படி ஒன்றல்ல, ஒரு காட்டையே எடுத்து நட்டிருக்கிறார்கள். யாருக்குப் பயந்து? விலங்குக்கா, மனிதனுக்கா? இதற்கு அகழாய்வு இன்னும் பதில் தரவில்லை. ஆனால் சில நூறு பேர் கொண்ட ஒரு கூட்டம் இப்படி ஒரு வேலையைத் திட்டமிட்டு முடித்தது என்றால், வேலையைப் பிரித்துக் கொடுக்கவும், செய்கிறவர்களுக்குச் சோறு போடவும், பல ஆண்டுகள் ஒரே இடத்தில் நிலைத்திருக்கவும் அவர்களால் முடிந்தது என்று பொருள். என்னைப் பொறுத்தவரை லின்னில் கிடைத்தவற்றுள் மிகப் பெரிய செய்தி வயது அல்ல, இந்த உழைப்புதான்.

மரம் எப்படி எட்டாயிரம் ஆண்டுகள் மக்காமல் இருக்கும் என்று பலர் கேட்பார்கள். மரத்தை அரிக்கும் பூஞ்சைக்கும் பெரும்பாலான நுண்ணுயிர்களுக்கும் ஆக்சிஜன் வேண்டும். ஏரியடிச் சேற்றில் அது இல்லை. தண்ணீர் நிறைந்த மண்ணுக்குள் புதைந்தே கிடக்கும்வரை மரம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். பிடுங்கி எடுத்துக் காற்றில் வைத்தால் சில நாள்களில் வெடித்துச் சுருங்கிவிடும். அதனால்தான் முக்குளித்து வேலை செய்கிறவர்கள் எல்லாத் தூண்களையும் வெளியே எடுப்பதில்லை. இடத்தைக் குறித்துக்கொண்டு, தூணின் ஒரு துண்டை மட்டும் அறுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, மற்றதைச் சேற்றிலேயே விட்டுவிடுகிறார்கள்.

அந்த ஒரு துண்டில் ஏராளமான செய்தி இருக்கிறது. மரம் ஆண்டுக்கு ஒரு வளையம் போடும். நல்ல மழை பெய்த ஆண்டில் அகலமாக, வறண்ட ஆண்டில் மெலிதாக. பல தூண்களின் வளைய வரிசைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் எது எதோடு ஒரே காலத்தில் வளர்ந்தது, எதை முன்னால், எதைப் பின்னால் வெட்டினார்கள் என்று தெரியும். ஆனால் அந்த வரிசை இன்றிலிருந்து எண்ணினால் எங்கே வரும் என்று சொல்ல ஒரு பிடிமானம் வேண்டும். அந்தப் பிடிமானத்தைத் தருவது கி.மு. 5259 என்ற ஆண்டு. அந்த ஆண்டு சூரியனிலிருந்து வந்ததாகக் கருதப்படும் துகள் வீச்சால் காற்றிலிருந்த கதிரியக்கக் கார்பன் திடீரென்று கூடியது. அது உலகெங்கும் அந்த ஆண்டின் வளையத்தில் பதிந்திருக்கிறது. கிரேக்கத்தில் கஸ்டோரியா ஏரிக்கரையில் உள்ள டிஸ்பிலியோ என்ற கற்காலத் தூண்வீட்டு ஊரின் மரங்களில் பேர்ன் குழு இந்தத் தடயத்தைப் பிடித்து, 2024-இல் அந்த ஊரின் கட்டடங்களுக்கு ஆண்டு துல்லியமாகத் தேதி குறித்தது. டிஸ்பிலியோ லின்னுக்குத் தெற்கே, அதிகத் தொலைவில் இல்லை. பேர்ன், ஆக்ஸ்ஃபோர்டு, தெசலோனிக்கி பல்கலைக்கழகங்கள் சேர்ந்து இந்தப் பகுதியின் பல ஏரிகளில் இந்த வேலையைச் செய்துவருகின்றன.

ஏன் இந்த ஏரிகளில் இவ்வளவு கவனம்? உழவும் கால்நடை வளர்ப்பும் மேற்கு ஆசியாவில் தொடங்கி, அனத்தோலியா (இன்றைய துருக்கிப் பகுதி), கிரேக்கம் வழியாக ஐரோப்பாவுக்குள் பரவின. கோதுமையும் ஆடுமாடுகளும் வந்த அந்தப் பாதையில் இந்த மலை ஏரிகள் இருக்கின்றன. ஆற்றுச் சமவெளியில் குடியிருந்தவர்களின் மரமும் விதையும் எப்போதோ மக்கிப்போயின. மண்பாண்டமும் எலும்பும்தான் மிச்சம். ஏரிச் சேற்றிலோ தானியம், மரம் எல்லாம் கிடைக்கும். ஐரோப்பாவின் முதல் உழவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு லின்னைப் போன்ற சாட்சி வேறு இடங்களில் அபூர்வம்.

கற்காலத்தோடு விட்டுவிட்டு ஒரு பெரிய தாவலாக கி.பி. ஆறாம் நூற்றாண்டுக்குப் போகிறேன். குன்றின் உச்சியில் ஒரு தேவாலயத்தின் அடித்தளம் இருக்கிறது. ஆறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கிழக்கு ரோமப் பேரரசான பைசாந்திய ஆட்சியில் கட்டியது. மூன்று பக்கம் அரைவட்ட மாடங்கள் கொண்ட அமைப்பு. சுவர்கள் போய்விட்டன, தரை இருக்கிறது. அந்தத் தரைதான் பார்க்க வேண்டியது. சிறு சிறு கற்களைப் பதித்து அமைத்த மொசைக்: பின்னிப் பின்னிப் போகும் வடிவங்கள், திராட்சைக் கொடிகள், பறவைகள். மேலே நின்று திரும்பினால் மூன்று பக்கமும் ஏரி. கீழே ஊரின் ஓட்டுக்கூரைகள். தேவாலயத்துக்கு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவருக்கு நல்ல கண் இருந்திருக்க வேண்டும்.

முன்பு மனத்தில் வைக்கச் சொன்ன நிலநடுக்கம் இங்கேதான் வருகிறது. லின் தீபகற்பத்துக்கு எதிரே ஏரியடியில் ஆய்வாளர்கள் உருவி எடுத்த ஒரு படிவுத் தூணில், அடுக்கடுக்காகச் சீராக வந்த வண்டலின் நடுவே, சுமார் இரண்டு மீட்டர் தடிமனுக்கு எல்லாம் குழம்பிக் கிடக்கிற ஒரு பகுதி தென்பட்டது. கரைச்சரிவு ஒன்று மொத்தமாகப் பெயர்ந்து ஏரிக்குள் சரிந்ததன் தடம் அது. அதற்குக் கீழே, வெசுவியஸ் எரிமலை கக்கிய மெல்லிய சாம்பல் படலம் ஒன்று இருந்ததால் காலத்தைக் கணிக்க முடிந்தது. ஆறாம் நூற்றாண்டில், நிலநடுக்கத்தால் நடந்திருக்கலாம் என்று 2012-இல் எழுதினார்கள். அந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பகுதியைப் பெரும் நிலநடுக்கங்கள் உலுக்கியதாகப் பழைய ஏடுகளிலும் குறிப்பு உண்டு. அதே நூற்றாண்டின் நடுவில்தான் குன்றின்மேல் தேவாலயம் எழும்புகிறது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டென்று காட்ட ஆதாரம் இல்லை, நானும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் கால் கீழே தரை ஆடிய நினைவு மறையாத ஒரு தலைமுறை, சறுக்கும் கரையைத் தவிர்த்துக் கெட்டிப் பாறையின் உச்சியில் இந்தக் கோயிலை எழுப்பியது என்று எண்ணிப் பார்க்காமல் என்னால் அந்தத் தரையைப் பார்க்க முடியவில்லை.

லின் ஒதுக்குப்புறமான ஊர் என்று தோன்றும். உண்மையில் அது பெருவழியின் ஓரம். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் ரோமர் போட்ட எக்னாத்தியா சாலை ஏட்ரியாட்டிக் கரையிலுள்ள இன்றைய துர்ரேஸிலிருந்து புறப்பட்டு, ஷ்கும்பின் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஏறி, லின்னுக்கு மேலே உள்ள மலைப்பகுதியைக் கடந்து, ஏரியின் வடகரையைத் தொட்டு, தெசலோனிக்கிக்கும் பிறகு கான்ஸ்டாண்டினோபிளுக்கும் போனது. ரோமிலிருந்து கிழக்கே போன படைகளும் வணிகர்களும் இந்த மலையிலிருந்துதான் ஏரியை முதன்முதலில் பார்த்திருப்பார்கள். இன்றைய நெடுஞ்சாலையும் ஏறக்குறைய அதே கணவாயில்தான், காஃபா தானா என்ற இடத்தில், ஏறி இறங்குகிறது. எல்லைச் சாவடியும் அங்கேதான். அங்கிருந்து பார்த்தால் லின் முழுவதும் ஒரே பார்வையில் தெரியும்.

பிறகு ஸ்லாவியர், பல்கேரியர், மீண்டும் பைசாந்தியர், செர்பியர், அதற்குப்பின் 1912 வரை உதுமானியர் என்று ஆட்சிகள் மாறின. ஊர்க்காரர்களின் வாழ்க்கையை உண்மையில் மாற்றியது அதற்குப்பின் வந்த எல்லைக்கோடுதான். ஒரே ஏரியை ஒரே சந்தையாகப் பயன்படுத்தி வந்த கரைகள் இரண்டு நாடுகளாயின. 1925-இல் அல்பேனியா ஏரியின் தென்கரையிலுள்ள புனித நவும் மடாலயத்தை, அன்று மாசிடோனியா சேர்ந்திருந்த யூகோஸ்லாவியாவிடம் கொடுத்துவிட்டு பெஷ்கப்பி என்ற கிராமத்தைப் பெற்றுக்கொண்டதும் இந்த எல்லை வகுப்பின் ஒரு பகுதியே.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் அல்பேனியாவை ஆண்டவர் கம்யூனிஸ்ட் தலைவர் என்வர் ஹோஜா. அவர் 1948-இல் யூகோஸ்லாவியாவோடு உறவை முறித்தபின், லின் போன்ற எல்லை ஊர்கள் அகப்பட்டுக்கொண்டன. நாட்டைவிட்டு ஓட முயல்வது பெருங்குற்றம். எல்லைப்பகுதிக்குள் போக அனுமதி வேண்டும். நீந்தினாலே அடுத்த நாடு என்னும் தொலைவில் இருந்த மீனவ ஊரில் ஒவ்வொரு படகும் அரசின் கண்காணிப்பில் இருந்தது. நாடெங்கும் 1,70,000-க்கும் மேற்பட்ட பங்கர்கள், அதாவது போர்க்காலப் பதுங்கறைகள், கட்டினார்கள். இந்த ஏரிக்கரையிலும் அந்தக் கான்கிரீட் குமிழிகளைக் காணலாம். 1967-இல் மதமே சட்டப்படி தடைசெய்யப்பட்டது. அல்பேனியா உலகின் முதல் நாத்திக நாடு என்று அறிவித்துக்கொண்டது. தேவாலயங்களும் மசூதிகளும் கிட்டங்கிகளாகவும் அரங்குகளாகவும் ஆன அதே காலகட்டத்தில், இந்தக் குன்றின் ஆறாம் நூற்றாண்டுத் தேவாலயத்தை அல்பேனியத் தொல்லியலாளர்கள் தோண்டி ஆராய்ந்தார்கள். வழிபாட்டுக்கு இடமில்லாத நாட்டில் ஒரு பழைய தேவாலயத்தின் தரையை அவர்கள் பாதுகாத்து விட்டுச்சென்றார்கள் என்பதற்கு நாம் கடன்பட்டவர்கள்.

அந்தக் காலத்தில்தான் ரயிலும் வந்தது. ஷ்கும்பின் பள்ளத்தாக்கிலிருந்து மலையைக் குடைந்து, லின்னுக்கு அருகில் ஏரிக்கரையில் வெளிப்பட்டு, பொகிராதெட்ஸ் நோக்கிப் போகும் பாதை. முக்கிய நோக்கம் குரி இ குச் என்ற இடத்தில் எடுத்த இரும்பு-நிக்கல் தாதுவை எல்பசான் உருக்காலைக்குக் கொண்டுபோவது. ஆட்சி சரிந்தபின் சுரங்கமும் ஆலையும் ஓய்ந்தன, ரயிலும் நின்றது. ஆனால் சுரங்கக் கழிவுக் குவியல்கள் ஏரிக்கரையிலேயே தங்கிவிட்டன. இன்று ஏரியின் தரத்தைப் பற்றி எழுதும் எல்லோரும் அவற்றைக் குறிப்பிடுகிறார்கள்.

கோரானுக்கு வருகிறேன். டிரவுட் வகையைச் சேர்ந்த மீன். ஓஹ்ரிட் ஏரியைத் தவிர உலகில் வேறு எங்கும் இயற்கையாக இல்லை. பெலுஷ்கா என்று இன்னொரு சிறிய உறவுக்கார மீனும் இதே ஏரிக்கே உரியது. குளிர்காலத்தில் கோரான் கரையோரச் சரளைக்கற்களில் முட்டையிட வரும். அந்த நேரத்தில் வலை வீசினால் ஒரு தலைமுறையே போய்விடும். 1991-க்குப் பிறகு கூட்டுறவுப் பண்ணைகள் கலைந்து, வேலையும் கண்காணிப்பும் இல்லாமல் போன ஆண்டுகளில் அதுதான் நடந்தது. இரண்டு நாட்டுக் கரையிலும் கையில் வலை இருந்தவர்களெல்லாம் மீன் பிடித்தார்கள். கோரான் ஏறக்குறைய அற்றுப்போகும் நிலைக்கு வந்தது. அதற்குப்பின் முட்டையிடும் காலத்தில் மீன்பிடித் தடை, பொரிப்பகத்தில் குஞ்சு வளர்த்து ஏரியில் விடுதல் என்று இரு பக்கமும் முயன்று ஓரளவு மீட்டிருக்கிறார்கள். மண்சட்டியில் வெங்காயத்தோடும் அக்ரூட் பருப்போடும் வைத்து அடுப்பில் சுட்டெடுக்கும் கோரான் இந்தக் கரையின் பெருமைக்குரிய சாப்பாடு. குளிர்காலத்தில் யாராவது இதை மலிவாகத் தந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தடைக்காலத்தில் அந்த மீன் வந்த வழி நல்ல வழியாக இருக்காது.

விலாங்குமீனின் கதையை மீட்க முடியவில்லை. அட்லாண்டிக்கில் சர்காசோ கடலில் பிறக்கும் விலாங்குக் குஞ்சுகள், மத்தியதரைக் கடலைக் கடந்து, டிரின் ஆற்றின் முகத்துவாரத்தில் நுழைந்து, எதிர்நீச்சலில் மலையேறி இந்த ஏரிக்கு வரும். பல ஆண்டுகள் இங்கே வளர்ந்து, முட்டையிட மறுபடி அதே கடலுக்குத் திரும்பும். 1960-களில் மாசிடோனியப் பகுதியிலும், அதற்குப்பின் அல்பேனியாவிலும் டிரின்மேல் வரிசையாக நீர்மின் அணைகள் எழுந்தன. வழி அடைபட்டது. இப்போது ஏரியில் உள்ள விலாங்கு மனிதர் கொண்டுவந்து விட்டது. அல்பேனியாவின் மின்சாரத்தில் பெரும்பங்கு அந்த அணைகளிலிருந்து வருவதால் அவற்றை எடுக்கச் சொல்லவும் முடியாது. ஆனாலும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வந்துபோன ஒரு விருந்தாளியின் பாதை நம் காலத்தில் அடைந்துபோனது எனக்கு ஆறாத வருத்தம்.

பாதுகாப்பு என்று பார்த்தால், ஏரியின் மாசிடோனியப் பகுதி 1979-இல் இயற்கைக்காகவும் அடுத்த ஆண்டு பண்பாட்டுக்காகவும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அல்பேனியப் பகுதி சேர நாற்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2019-இல்தான் எல்லை விரிவாகி, லின் தேவாலயமும் கரையிலுள்ள தூண்வீட்டு எச்சங்களும் உள்ளே வந்தன. கிராமச் சுற்றுலாவுக்காக அல்பேனிய அரசு 2018-இல் தொடங்கிய நூறு கிராமங்கள் திட்டத்திலும் லின் இருக்கிறது. சந்துகளுக்குக் கல் பாவி, வீட்டு முகப்புகளைச் சீராக்கியிருக்கிறார்கள். பார்க்க நன்றாகவே இருக்கிறது.

எனக்குக் கவலை வேறு இடத்தில். லின்னில் மதிப்புள்ளவற்றுள் கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம்தான்; பெரும்பகுதி கரையோர ஆழமில்லாத தண்ணீரில், சேற்றுக்குள் இருக்கிறது. ஒரு படகுத்துறைக்குக் கான்கிரீட் தூண் இறக்கினாலோ, உணவகத்துக்காகக் கரையை மண் கொட்டி நிரப்பினாலோ, நாணலைச் சுத்தம் என்ற பெயரில் அகற்றினாலோ போதும், எட்டாயிரம் ஆண்டுகள் தப்பித்தது ஒரு வாரத்தில் போய்விடும். நாணல் வெறும் புதர் அல்ல. அலையின் வேகத்தைத் தணித்து, சேற்றை அரிக்காமல் பிடித்துவைப்பது அதுதான். மீனும் நீர்க்கோழியும் குஞ்சு பொரிப்பதும் அதற்குள்தான். ஏரி முழுவதற்குமான ஆபத்துகளும் லின்னைத் தொடும். 1962-இல் வடகரையில் சதேஸ்கா ஆற்றைத் திருப்பி ஏரிக்குள் விட்டதிலிருந்து வண்டலும் உரச்சத்தும் வந்து சேர்கின்றன. மேலே பிரெஸ்பாவின் நீர்மட்டம் பல பத்தாண்டுகளாக இறங்கிக்கொண்டிருக்கிறது; அது இறங்கினால் இங்கே ஊற்றும் மெலியும். பொகிராதெட்ஸில் ஜெர்மனியின் உதவியோடு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் கட்டியது நல்ல காரியம். கரையோரக் கட்டுமானங்கள் மிஞ்சிப்போவதாக யுனெஸ்கோ இரு நாடுகளையும் திரும்பத் திரும்ப எச்சரித்தும் வருகிறது. முகப்புக்கு வண்ணம் பூசச் செலவிடுவதில் ஒரு பகுதியையாவது, கரையில் எங்கே எதுவும் கட்டக் கூடாது என்று அளந்து கல் நட அரசு செலவிட வேண்டும் என்பேன். அதில் சமரசத்துக்கு இடமே இல்லை.

கடைசிக் கேள்வி: போகலாமா? தாராளமாகப் போகலாம். தலைநகர் திரானாவிலிருந்து எல்பசான் வழியாகப் பொகிராதெட்ஸுக்கு ஃபுர்கோன் எனப்படும் சிறு வேன்கள் ஓடுகின்றன. அவை காஃபா தானா பக்கம் மலையேறி, ஏரிக்கரையில் இறங்கி, லின் பிரியும் இடத்தைக் கடந்துதான் போகும். ஓட்டுநரிடம் சொன்னால் அந்த முக்கில் இறக்கிவிடுவார். அங்கிருந்து ஊர் நடக்கும் தூரம். வீட்டின் ஒரு பகுதியில் விருந்தினரைத் தங்கவைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. மே, ஜூன் அல்லது செப்டம்பர் நல்லது. ஜூலை, ஆகஸ்டில் கூட்டம் அதிகம், குளிர்காலத்தில் பல வீடுகள் பூட்டியிருக்கும். தூண்வீடுகளைக் கண்ணால் பார்க்கலாம் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். அவை நீருக்கடியில் இருக்கின்றன, அங்கேயே இருக்கட்டும். அப்படி ஒரு ஊர் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க வேண்டுமானால், எல்லை தாண்டி மாசிடோனியக் கரையில் கிரதிஷ்தே அருகே அதேபோன்ற, காலத்தால் பிந்திய ஒரு குடியிருப்பைத் தண்ணீரின்மேல் மீட்டுக் கட்டி அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். போகிற வழியில் ரதோஷ்தா என்ற ஊரில் பாறைக்குகைக்குள் ஒரு பழைய ஓவியத் தேவாலயமும் உண்டு.

லின் குன்றின் மொசைக்கைப் பனியிலிருந்தும் வெயிலிலிருந்தும் காக்க, பெரும்பாலும் மணல் பரப்பி மூடிவைத்திருப்பார்கள். மேலே போய் வெறும் மணலைப் பார்த்துவிட்டு ஏமாற்றத்தோடு திரும்பியவர்கள் நிறைய. ஆகையால் ஏறுவதற்குமுன், தங்கியிருக்கும் வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள். காவலர் ஊரில் இருக்கிறாரா, திறந்து காட்டும் நாளா என்று அவர்களுக்குத் தெரியும். மூடியிருந்தால், நீங்களாகவே மணலைக் கையால் ஒதுக்கிப் பார்க்க வேண்டாம். ஒவ்வொரு முறை ஒதுக்கும்போதும் சில கற்கள் பெயர்ந்துவிடும்.